மெடிகேரில் மருந்து விலையை யார் பேசுவது?

(திரையில்: மாத்திரை டப்பா. மேலே 521 டாலர், கீழே 231 டாலர்)

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் எலிக்விஸ் மாத்திரை. அமெரிக்காவில் 2023-ல் ஒரு மாத மருந்தின் பட்டியல் விலை 521 டாலர். 2026 ஜனவரி 1 முதல் மெடிகேருக்கு அது 231 டாலர். அரசு நேரடியாக விலை பேசியதால் வந்த வித்தியாசம் இது.

அதற்கு முன் ஏன் பேசவில்லை? சட்டம் விடவில்லை. மெடிகேர் என்பது பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு. அதன் மருந்துப் பிரிவான ‘பார்ட் டி’க்கு 2003-ல் சட்டம் போட்டபோது, மருந்து கம்பெனிகளும் பார்ட் டி திட்டங்களை நடத்தும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் பேசும் பேரத்தில் சுகாதார அமைச்சர் தலையிடக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான துறையோ அப்போதே விலை பேசித்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

(திரையில்: பிரதிநிதிகள் சபை, வாக்கு எண்ணிக்கைப் பலகை)

அந்த 2003 சட்டத்துக்கான வாக்கெடுப்பு தொடங்கியது அதிகாலை 3 மணிக்கு. 15 நிமிடத்தில் முடியவேண்டியதை, ஆதரவு சேரும்வரை ஏறக்குறைய 3 மணி நேரம் இழுத்தார்கள். முடிவு 220-க்கு 215. சட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான பில்லி டாசின், 2005-ல் மருந்து கம்பெனிகளின் சங்கமான ஃபார்மாவுக்குத் தலைவரானார். இது சட்டப்படி சரியாக இருக்கலாம். நியாயம் என்று எங்களால் சொல்ல முடியாது.

பணம் கட்டியவர்கள் நோயாளிகள். 2006 கணக்கைப் பாருங்கள். ஒரு வருட மருந்துச் செலவில் முதல் 250 டாலர் முழுக்க உங்கள் கையிலிருந்து. அதன்பின் மொத்தச் செலவு 2,250 டாலரைத் தொடும்வரை கால் பங்கு உங்களுடையது. அங்கிருந்து 5,100 டாலர் வரை காப்பீடு ஒரு காசும் தராது. மாதப் பிரீமியம் மட்டும் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நோய் முற்றி மருந்து கூடக்கூட இந்தப் பள்ளத்தில் விழுவது உறுதி. 2010-ல் வந்த ஒபாமா சட்டம் பள்ளத்தைப் படிப்படியாக மூடியது. பேரத் தடையைத் தொடவில்லை.

2022 ஆகஸ்டில்தான் அது தளர்ந்தது. செனட்டில் 50-க்கு 50. அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கில் புதிய சட்டம் நிறைவேறியது. மெடிகேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு வந்தது. தனியார் காப்பீட்டுக்கும் அதை நீட்டிக்க 60 வாக்கு வேண்டும். 57 தான் கிடைத்தது.

பேரத்திலும் கட்டுப்பாடு உண்டு. முதல் சுற்றில் 10 மருந்துகள்தான். அனுமதி பெற்று 7 ஆண்டு கடந்தால்தான் சாதாரண மாத்திரையைத் தேர்ந்தெடுக்கலாம். உயிரியல் மருந்துக்கு 11 ஆண்டு. புதிதாக வரும் விலையுயர்ந்த மருந்துகள் எல்லாம் இதற்கு வெளியே நிற்கின்றன.

(திரையில்: மருந்துக்கடை ரசீது)

இப்போது நீங்கள் கவனிக்கவேண்டியது. 2026-ல் பார்ட் டி மருந்துகளுக்கு உங்கள் கைச்செலவின் வருட வரம்பு 2,100 டாலர். ஆனால் உங்கள் காப்பீட்டுத் திட்டத்தின் மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுத்த பணம் இந்தக் கணக்கில் சேராது. பலர் ஏமாறுவது இங்கேதான். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றலாம். அதற்குள் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் டோஸையும் புதுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால், விதிவிலக்கு கேட்டு டாக்டர் காரணம் எழுதி அனுப்பலாம். அது கிடைத்த 72 மணி நேரத்துக்குள் திட்டம் பதில் சொல்லவேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரம்.

மொத்தமாகக் கட்டமுடியாதவர்கள் மாதத் தவணை கேட்கலாம், வட்டி கிடையாது. ஜனவரியிலேயே கேளுங்கள். அக்டோபரில் சேர்ந்தால், பாக்கியைப் பிரிக்க மூன்றே மாதம்தான் இருக்கும்.