வர முடியாதவர்களுக்காக வைத்த அப்பம்

வணக்கம் நேயர்களே. நற்கருணை என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மறைக்கல்வி வகுப்பில் எல்லாரும் படித்ததுதான். திருப்பலியில் குருவானவர் இயேசுவின் சொற்களைச் சொல்லும்போது அப்பமும் திராட்சை இரசமும் அவருடைய உடலும் இரத்தமுமாக மாறுகின்றன; பார்வைக்கும் நாவுக்கும் முன்போலவே இருந்தாலும் உள்ளிருக்கும் பொருள் மாறிவிட்டது என்பது திருச்சபையின் விசுவாசம். இதன் தத்துவத்துக்குள் நான் போகவில்லை, அதற்கு என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வெகுகாலமாக மனத்தில் கிடப்பது வேறு கேள்வி. பூசை முடிந்த பிறகும் கொஞ்சம் அப்பத்தைப் பேழையில் வைத்துப் பூட்டுகிறார்களே, அது யாருக்காக?

ஆராதனைக்காக, அதாவது அதன் முன் அமர்ந்து வணங்குவதற்காக என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது முதல் காரணம் இல்லை. முதலில் அது வர முடியாதவர்களுக்கு, அதிலும் முக்கியமாகச் சாகக் கிடப்பவர்களுக்கு. 1967-இல் ரோமிலிருந்து வந்த அறிவுரையே இதைத்தான் முதல் நோக்கமாகச் சொல்கிறது. இது புதுக் கதையும் இல்லை. ஏறக்குறைய 155-ஆம் ஆண்டில் புனித யுஸ்தின் ரோமில் நடந்த ஞாயிறு வழிபாட்டைப் பற்றி எழுதும்போது, கூட்டத்துக்கு வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்கிறார். அப்போது பெரிய கோவிலும் இல்லை, தங்கப் பேழையும் இல்லை, ஆனால் வராதவருக்கு ஒரு பங்கு இருந்தது.

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மேசையில் மாத்திரைகளையும் மூக்குக்கண்ணாடியையும் ஒதுக்கிவிட்டு வெள்ளைத் துணியை விரித்து, சிமிழைத் திறந்து, விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு நகத்தின் அளவுக்கு ஒரு துணுக்கைக் கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுப்போம். துணுக்குதானே என்று வீட்டார் சில நேரம் தயங்குவார்கள். எவ்வளவு சிறிய துண்டிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்று ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் அறிவித்தது. ஏட்டில் படித்தபோது அந்த வாக்கியம் வறண்டதாகத்தான் இருந்தது, கட்டில் ஓரத்தில் நிற்கும்போதுதான் அது எதற்கென்று புரிகிறது.

இந்த இடத்தில் வியட்நாம் ஆயர் வான் துவானைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, எங்கே பேசினாலும் சொல்வேன். 1975 ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்கள். 13 ஆண்டுகள் சிறை, அதில் 9 ஆண்டுகள் தனிமை. துணிமணி, பற்பசை கேட்டு வீட்டுக்கு எழுதலாம் என்று அனுமதி கிடைத்தபோது, என் வயிற்று வலிக்கு மருந்தாகக் கொஞ்சம் இரசம் அனுப்புங்கள் என்று எழுதினார். அவர்களுக்கா புரியாது! வயிற்று வலி மருந்து என்று சீட்டு ஒட்டிய சிறிய குப்பி வந்தது, அப்பங்கள் ஒரு டார்ச் விளக்குக்குள் ஒளிந்து வந்தன. அதன் பிறகு உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான் பூசை. கைதிகளோடு முகாமில் இருந்தபோது இரவு விளக்கணைந்த பிறகு படுக்கையிலேயே குனிந்து மனப்பாடமாகத் திருப்பலி நிறைவேற்றி, கொசுவலைக்கு அடியில் கையை நீட்டி மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். மீதியை சிகரெட் பெட்டித் தாளில் செய்த சின்னப் பைகளில் வைத்து, அதை அவரும் மற்றக் கத்தோலிக்கர்களும் சட்டைப் பையில் மாறி மாறி வைத்திருந்தார்கள். பேழை என்றால் அதுவும் பேழைதான். பின்னாளில் அவர் கர்தினால் ஆனதெல்லாம் இருக்கட்டும், எனக்கு அந்த சிகரெட் தாள்தான் முக்கியம்.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் ஆராதனை வேண்டாமா என்று சண்டைக்கு வருவார்கள். வேண்டும் ஐயா, நானும் போய் உட்காருகிறவன்தான். நற்கருணையை எல்லாரும் பார்க்க வைக்கும் கதிர்ப்பாத்திரத்துக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் வெளியே வந்ததும் படுக்கையில் கிடக்கும் ஒருவரை நினைக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. இப்போதுதான் வானொலியைத் திறந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: பேழையில் இருப்பது முதலில் வர முடியாதவருக்கு.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் ஏற்படுத்திய கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைப் பற்றியும், ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் குடித்து வெறிகொள்வதா என்று பவுல் கொரிந்தியரைக் கடிந்துகொண்டதைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்தேன், அதற்கு நேரமில்லை. காரியமாக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் நடமாட முடியாதவர் இருந்தால் பங்குக் குருவிடம் சொல்லுங்கள், அவராகத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருக்காதீர்கள். நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக்கூடாது என்ற ஒழுங்கு முதியவர்களையும் நோயாளிகளையும் கட்டுப்படுத்தாது, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் கட்டுப்படுத்தாது. ஆகவே குருவானவர் வரட்டும் என்று யாரையும் பசியோடு வைத்திருக்க வேண்டாம். அப்பம் சிறிதும் இறங்காது என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், இரசத்தை மட்டும் கொடுக்கவும் வழி இருக்கிறது. நன்றி, வணக்கம்.