அடுப்புக்கு முன்னே மீன் வர வேண்டும்

அவையோருக்கு வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் மீனைப் பதப்படுத்தி விற்கும் பெண்களின் கூட்டுறவுகளுக்கு எது முதலில் தேவை என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் படகு மணலைத் தொட்டதும் ஆண்களின் வேலை ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. பெண்களின் வேலை அங்கே தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். கானாவின் மீன்பிடித் துறைகளில் படகு புறப்படுவதற்கு முன்பே எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கொடுப்பவள் பல நேரங்களில் ஒரு பெண். பிடித்து வந்த மீன் அவள் கைக்கே வந்து சேர்கிறது. அந்தத் துறைகளில் மீன் வணிகப் பெண்களின் தலைவிக்குக் கொங்கோஹேமா என்று பெயர். விலை பேசுவதும் வழக்கு தீர்ப்பதும் அவர் பொறுப்பு. உலகளவில் சிறுதொழில் மீன்பிடிப்பில் ஈடுபட்டிருப்போரில் பத்துக்கு நால்வர் பெண்கள் என்று 2023இல் வெளிவந்த ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் ஆய்வு கூறுகிறது. ஆயினும் அரசுகள் மீனவர் என்று எண்ணும்போது கடலுக்குப் போகிறவரை மட்டுமே எண்ணிப் பழகிவிட்டன.

செனெகலின் ஜோவால், கயார், ம்பூர் கரைகளில் பெண்கள் சாளை இனத்து மீனை வேகவைத்து, உப்பிட்டு, வெயிலில் உலர்த்திக் கெச்சாக் என்னும் கருவாடாக்குகிறார்கள். கடலே காணாத மாலி, புர்கினா ஃபாசோ நாட்டு மக்களுக்கு அது லாரியில் போய்ச் சேர்கிறது. இறைச்சி வாங்க இயலாத வீட்டில் அன்றாடக் குழம்புக்குச் சத்தும் சுவையும் தருவது இந்தக் கருவாடுதான்.

இப்போது அதே கரையில் மீன்தூள் ஆலையின் முகவரும் நிற்கிறார். ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் வேண்டும்; அந்தத் தூள் வெளிநாட்டு மீன்பண்ணைகளுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் போகிறது. படகு நிறைய மீனை ஒரே கையில் ரொக்கம் கொடுத்து வாங்க அவரால் முடியும். கூடை கூடையாக, அதுவும் கடனுக்கு வாங்கும் பெண்ணால் அவரோடு தனியாகப் போட்டியிட முடியாது. கூட்டுறவின் முதல் தேவை இங்கேதான் எழுகிறது: பலர் சேமிப்பை ஒன்றாக்கினால் ஒரு படகின் மீனை முழுதாக ஏலம் கேட்கலாம், விலை விழும் நாளில் பனிக்கட்டியில் வைத்துக் காத்திருக்கலாம், பெண்கள் கரையில் ஒரே குரலில் பேசலாம்.

இந்தப் பெண்களுக்கு உதவி என்று வருவது பெரும்பாலும் மீனைப் புகையூட்டிப் பதப்படுத்தும் அடுப்பாகவே வருகிறது என்பது என் குறை. அடுப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆக்ராவை ஒட்டிய சோர்க்கோர் குடியிருப்பின் பெயரைத் தாங்கிய அடுப்பு, வலைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குறைந்த விறகில் நிறைய மீனைப் புகையூட்ட வழி செய்தது. பின்னர் செனெகலின் தியாரோயில் உருவான அடுப்பு, மீனின் கொழுப்பு கனலில் சொட்டாமல் தடுத்து, புகையில் சேரும் நச்சுப் பொருள்களைக் குறைத்தது. பெண்களின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் இவை செய்த நன்மை பெரிது. ஆனால் மீன் வராத நாளில் எந்த அடுப்பும் வெறும் செங்கல்தான்.

நிலமும் அப்படியே; அது கையில் இல்லாவிட்டாலும் தொழில் நிற்காது. செனெகலின் பார்ஞியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பாடுபட்ட கெல்கோம் உலர்த்துதிடலை ஒட்டி 125 மெகாவாட் நிலக்கரி மின்னிலையம் எழுப்பப்பட்டது. தலைமுறையாகப் புழங்கிய மணல் தங்களுடையது என்று காட்ட அவர்களிடம் பத்திரம் இல்லை.

இதற்கு மாறான ஒன்றைக் காம்பியாவில் காண்கிறோம். பாஞ்சுல் நகரை ஒட்டிய தன்பி அலையாத்திக் காட்டில், நீர் வற்றும் நேரத்தில் சிறு தோணியில் சென்று, மர வேர்களில் ஒட்டிய சிப்பியை வெட்டியெடுத்து வாழும் பெண்கள், பெரும்பாலும் ஜோலா இனத்தவர், 2007இல் ட்ரை என்னும் சிப்பிப் பெண்கள் சங்கத்தை அமைத்தார்கள். பாத்து ஜன்ஹா ம்பூப் அதை முன்னின்று வளர்த்தார். சங்கம் 15 ஊர்களைச் சேர்ந்த சுமார் 500 பெண்களாகப் பெருகியது. அவர்கள் அலையாத்தி நட்டார்கள். ஒரு கிளையாற்றை ஓராண்டு முழுவதும் மூடிவைத்தார்கள். மற்ற இடங்களில் சிப்பி எடுக்காத காலத்தை நீட்டினார்கள். அன்றாடம் விற்றால்தான் உலை வைக்க முடியும் என்ற வீடுகளிலிருந்து வந்த பெண்கள் இவ்வாறு காத்திருந்ததை நான் எளிதாகக் கடந்து போக மாட்டேன். சேமிப்பும் சிறுகடனும் பிற தொழில் பயிற்சியும் அந்தக் காத்திருப்பைத் தாங்கின. 2012இல் அரசு தன்பியில் சிப்பியும் மட்டியும் எடுக்கும் உரிமையை அந்தச் சங்கத்துக்கு மட்டுமே வழங்கியது. நான் இன்று விட்டுவைத்த சிப்பியை நாளை வேறொருவர் வெட்டிச் செல்வார் என்றால், எவருக்கும் காத்திருக்க மனம் வராது. அந்த அச்சத்தைப் போக்கியது இந்த உரிமைதான்.

கடலில் திரியும் சாளை மீனுக்கு இதே ஏற்பாட்டை அப்படியே செய்ய இயலாது. மீன் எல்லை தாண்டி நீந்துகிறது, மீன்தூள் ஆலைகள் பல நாடுகளில் இருக்கின்றன. ஆனாலும் ஆலைக்கு உரிமம் கொடுக்கும் மேசையில் கூட்டுறவுப் பெண்களுக்கு இடம் தரலாம். மனிதர் உண்ணும் மீனைத் தூளாக்கத் தடை விதிக்கலாம். உலர்த்துதிடலைக் கூட்டுறவின் பெயரில் பதிந்து கொடுக்கலாம். சிறுதொழில் மீன்பிடிப்புக்கான 2014ஆம் ஆண்டு உலக வழிகாட்டுதல்கள், பிடித்த மீனைப் பதப்படுத்துவோரையும் விற்போரையும் இத்தொழிலின் பகுதியாகவே ஏற்கின்றன. அவை கட்டுப்படுத்தும் சட்டமல்ல என்பதால்தான் நாடுகளின் சட்டத்தில் அவை இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பெண்கள் கூட்டுறவுக்கென ஒரு திட்டம் என் முன் வைக்கப்படும்போது, எத்தனை அடுப்பு என்று நான் முதலில் கேட்பதில்லை. அந்த அடுப்புக்கு மீன் எந்தப் படகிலிருந்து வரும், அது நிற்கும் மண் யார் பெயரில் இருக்கிறது என்றே கேட்கிறேன்.