அனகோண்டா: பெயர் பிறந்த கரை

நேயர்களுக்கு வணக்கம்.

அனகோண்டா என்றதும் அமேசான் காடு நினைவுக்கு வரும். உலகின் மிகக் கனத்த பாம்பு அங்கேதான் வாழ்கிறது. ஆனால் அந்தப் பெயர் தென் அமெரிக்காவில் பிறந்ததல்ல. நம் பக்கத்து இலங்கையில் பிறந்தது.

1693இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர், ஹாலந்தின் லெய்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பாம்புகளின் பட்டியலைத் தம் நூலில் சேர்த்தார். அதில் ஒரு பெயர் ‘அனகண்டாயா’. இலங்கையர் வழங்கும் பெயர் இது என்றும், எருமைகளையும் வண்டி மாடுகளையும் நொறுக்கும் பாம்பு என்றும் குறிப்பு சொல்கிறது. 1768இல் ‘ஸ்காட்ஸ் மேகசின்’ இதழ், இலங்கையில் ஓர் அனகோண்டா புலியை நெரித்துக் கொன்றதைக் கண்ணால் கண்டதாக ஒருவர் எழுதிய கதையை வெளியிட்டது. இலங்கைக் காடுகளில் சிறுத்தை உண்டு, வரிப்புலி கிடையாது. ஆனாலும் கதை ஊரெல்லாம் பரவியது. பெயரும் கூடவே பரவியது. 19ஆம் நூற்றாண்டில் அது தென் அமெரிக்கப் பாம்பின்மேல் ஏறி நிலைத்துவிட்டது. ஒரு தீவின் சொல் இப்படிக் கடல் தாண்டிக் குடியேறியது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

சரி, அது எந்த மொழிச் சொல்? ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்காக 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில், அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி யூல் தமிழைச் சுட்டினார்: ஆனையைக் கொன்ற பாம்பு. ‘ஆனைக்கொன்றான்’ என்று நாம் பெருமையோடு எழுதுவதற்குப் பின்னால் இந்த விளக்கம் நிற்கிறது. பின்னர் டொனால்ட் பெர்குசன் என்ற ஆய்வாளர் சிங்களத்தின் ‘ஹெனகந்தயா’வை முன்வைத்தார். ‘ஹென’ என்றால் மின்னல், ‘கந்த’ என்றால் தண்டு. ஆனால் அந்தப் பெயருக்குரியது மெலிந்த பச்சைப் பாம்பு. எருமையை நொறுக்கும் மலைப்பாம்புக்குச் சிங்களத்தில் ‘பிம்புரா’ என்று வேறு பெயர் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பெயர்ச்சீட்டு இடம் மாறியிருக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

தமிழ்ப்பற்று எனக்கும் உண்டு. ஆனாலும் ரே எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள்: அனகண்டாயா, ஹெனகந்தயா. கடைசி ‘யா’ வரை ஒலி ஒத்துப்போகிறது. ‘கொன்றான்’ அந்த இடத்தில் பொருந்தவில்லை. பொருள் தமிழ்ப் பக்கம் சாய்கிறது, ஒலி சிங்களப் பக்கம் சாய்கிறது. நான் ஒலியைத்தான் நம்புகிறேன். தமிழ்ச் சொல்தான் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் 1693க்கு முந்திய ஏட்டிலோ கல்வெட்டிலோ ‘ஆனைக்கொன்றான்’ ஒரு பாம்பின் பெயராக வர வேண்டும். உங்கள் வீட்டுப் பழஞ்சுவடிகளில் அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், இந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.