பயிற்சி 3.2 என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அண்ணன் அவர்களே, எதிரணியில் இன்னும் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, முதல் வரிசையில் கரும்பு கடிக்கும் என் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பள்ளிக்கூடத்தில் முதலில் வேண்டியது பாடத்தின் ஆழமா, வாழ்க்கையின் தொடர்பா?" இதுதான் இன்றைய தலைப்பு. 'வாழ்க்கையின் தொடர்பே' என்ற அணியில் மூன்றாவதாக வந்து நிற்கிறேன். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், இருபத்திரண்டு வருஷமாக. அதனால் பேச்சில் நடுநடுவே கணக்கு வரும். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

பேராசிரியர் ஐயா என்ன சொன்னார்? "வாழ்க்கை, வாழ்க்கை என்று ஆரம்பித்தால் பாடம் நீர்த்துப்போகும். கடினமானதையெல்லாம் கழித்துவிட்டு, கடைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கக் கற்றுக்கொடுப்பீர்கள்" என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார். ஐயா, நான் அந்தக் கத்திரிக்காய்க் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண். அவள் அம்மா மார்க்கெட்டில் காய்கறிக் கடை போடுகிறவர். தண்டலுக்குப் பணம் வாங்கித்தான் வியாபாரம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேச்சு. ஆயிரத்து ஐந்நூறை முதலிலேயே பிடித்துக்கொண்டு, கையில் எட்டாயிரத்து ஐந்நூறு தருவார்கள். அப்புறம் தினம் நூறு ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் ஒருவர் பைக்கில் வருவார், இஞ்சினை அணைக்காமலே பணத்தை வாங்கி அட்டையில் கிறுக்கிவிட்டுப் போவார். அந்த அட்டையை அந்தப் பெண் ஒருநாள் வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டாள். நூறு கட்டம் போட்ட அட்டை. முப்பத்தேழு கட்டத்தில் கிறுக்கல். ஒரு மூலையில் தக்காளிச் சாறு காய்ந்திருந்தது. "டீச்சர், இது எத்தனை வட்டி?" என்று கேட்டாள்.

வகுப்பில் நாற்பது பேர். தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் எப்போதோ முடித்து, அதில் முழு மதிப்பெண்ணும் வாங்கியவர்கள். ஒருவன் உடனே எழுந்தான்: "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, பதினைந்து சதவீதம்." இன்னொருத்தி, "கையில் வந்ததே எட்டாயிரத்து ஐந்நூறுதானே, அதற்கு 17.6" என்றாள். மூன்றாவது ஆள், "அது நூறு நாளைக்கு. வருஷத்துக்குப் போட்டால் 64" என்றான். நானும் கரும்பலகையில் 64 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டேன். சாக்பீஸைக் கீழே வைக்கப் போகும்போது அந்தப் பெண் எழுந்தாள். "ஆனா டீச்சர், அந்த எட்டாயிரத்து ஐந்நூறு நூறு நாளும் எங்கம்மாகிட்ட இல்லையே. மறுநாளே நூறு ரூபா திருப்பிக் குடுத்துட்டாங்களே!"

எனக்குச் சுருக்கென்றது. முழுப் பணம் அந்த அம்மாவிடம் இருந்தது ஒரே நாள். அடுத்த நாளிலிருந்து தேய்ந்துகொண்டே போகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணம்தான் அவர் கையில் இருந்தது. ஆனால் வட்டி முழுப் பணத்துக்கு. அட்டவணை போட்டோம், நாள்வாரியாகக் கழித்தோம், இரண்டு பீரியட் போயிற்று. பி.டி. பீரியடைக் கடன் வாங்கினேன். விடை 120 சதவீதத்தைத் தாண்டி நின்றது.

நடுவர் அவர்களே, பதினைந்தில் தொடங்கி நூற்றிருபதில் வந்து நின்ற இந்தக் கணக்கில் எங்கே நீர்த்துப்போனது? புத்தகத்தில் வட்டிக் கணக்கு என்றால் மேலே 'பயிற்சி 3.2' என்று தலைப்பே இருக்கும். அசல் இவ்வளவு, காலம் இவ்வளவு, வீதம் இவ்வளவு என்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருப்பார்கள். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கிற வேலைகூடப் பிள்ளைக்கு இல்லை. மார்க்கெட்டில் எது அசல் என்பதே சண்டை. பத்தாயிரமா, எட்டாயிரத்து ஐந்நூறா, அதில் பாதியா? பேராசிரியர் ஐயா தேடுகிற ஆழம் இந்தச் சண்டையில்தான் இருக்கிறது.

இதில் நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது ஒருமுறை அம்பலமாயிற்று. பதினைந்து வயதுப் பிள்ளைகள் படித்ததைப் பழக்கமில்லாத சூழலில் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் 'பிசா' தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு 2011 கடைசியில் வந்தது. கணக்கில் நமக்கு 351. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்பின் சராசரி 496. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளுக்கு நடுவே நாம் கடைசி வரிசையில். அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எண்பது சதவீதத்துக்கு மேல்! அடுத்து நடந்த 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. "அந்தக் கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை" என்று சமாதானம் சொன்னார்கள். பழக்கமில்லாத கேள்வியைப் பார்த்தால் முழிக்கிறார்கள் என்றுதானே நானும் சொல்கிறேன்?

சரி, எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒரு கனமான கல்லைத் தூக்கிப் போட்டார். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் வகுப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயரெடுத்து, பெரிய எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருஷம் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. "வாழ்க்கையோடு தொடர்பு என்றால் சுற்றிச் சுற்றி அங்கேதானே போய் நிற்பீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி தம்பி. என் தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கினால் வீட்டில் அவர் படத்தைப் பார்க்க முடியாது.

குயவர் பிள்ளை போய்ப் பானை செய்யட்டும் என்றது அந்தத் திட்டம். நான் கேட்பது வேறு. குயவர் பிள்ளையும் வக்கீல் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று அளந்து பார்க்கட்டும். ஒரு பானை, ஒரு சில்வர் குடம், ஒரு வெப்பமானி. சித்திரையில் அவ்வளவு ஜில்லென்று இருக்கிற பானைத் தண்ணீர் ஐப்பசி அடைமழையில் ஏன் அப்படிக் குளிர்வதில்லை? ஆவியாதல், உள்ளுறை வெப்பம், காற்றின் ஈரப்பதம் என்று மூன்று பாடம் அந்தப் பானைக்குள் கிடக்கிறது. வக்கீல் பிள்ளைக்கும் இது சுலபமில்லை. அப்பா தொழிலுக்குப் பிள்ளையைத் துரத்துவதும், அப்பா தொழிலுக்குள் இருக்கிற இயற்பியலை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுவதும் ஒன்றா தம்பி?

இது நடக்கிற காரியமா என்பீர்கள். நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் இப்படி அறிவியல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சோதனை செய்து, பதிவு செய்து, வாதாடி முடிவுக்கு வரவேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். திறந்துவைத்தாலும் விடை அதில் இருக்காது! முப்பது வருஷம் நடந்து, பல நூறு பள்ளிகளுக்குப் பரவி, 2002-இல் அரசு நிறுத்திவிட்டது. நிறுத்தியதற்குப் பல காரணம் சொன்னார்கள். அது தனிப் பட்டிமன்றம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். டெல்டாக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் போனால் பொங்கல் எனக்குச் செரிக்காது. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். வகுப்பில் ஒரு கேள்வி போட்டேன்: "நீர்மட்டம் 60 அடி. அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்?" நாற்பது பேரும் ஒரே குரலில் "பாதி! 46.7!" என்றார்கள்.

பேப்பரை எடுத்துக் காட்டினேன். 60 அடியில் இருப்பு சுமார் 25 டி.எம்.சி.தான். பாதி உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. பேப்பரில் அச்சுப்பிழை என்றான் ஒருவன். கர்நாடகம் எடுத்துக்கொண்டது என்றான் இன்னொருவன். (அவன் அரசியலுக்குப் போவான், பார்த்துக்கொள்ளுங்கள்.) பின் பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பையன், சமையல்காரர் மகன், மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், அணை அண்டா மாதிரி இருக்காது. வாணலி மாதிரி இருக்கும். அடியில குறுகல்."

மலைக்கு நடுவில் பள்ளத்தாக்கை அடைத்துக் கட்டிய அணை. மேலே போகப் போக அகலம். மேலே ஓர் அடி குறைவதும் கீழே ஓர் அடி குறைவதும் ஒன்றில்லை. பத்தாம் வகுப்பில் கூம்பின் இடைக்கண்டம் என்று ஒரு பாடம் இருக்கிறது. வருஷா வருஷம் பக்கெட் படம் போட்டு நடத்துவேன், பிள்ளைகள் சூத்திரத்தை நெட்டுருப் போடுவார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சூத்திரத்தை அவர்களே வந்து கேட்டார்கள். அதோடு விடவில்லை. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. வினாடிக்கு எத்தனை கன அடி திறந்தால் ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. காலியாகும்? ஒரு நாளைக்கு 86,400 வினாடி. வகுத்தால் 11,574. அப்படியானால் வழக்கமாக அணை திறக்கிற ஜூன் 12-இல் 60 அடி இருந்து, பன்னிரண்டாயிரம் கன அடி திறந்தால் தண்ணீர் எத்தனை நாள் வரும்? நீர்வரத்து எவ்வளவு என்று தெரியாமல் சொல்ல முடியுமா? குடிநீருக்கு ஒதுக்கியது போக எவ்வளவு? அன்று சாயங்காலம் ஒரு அப்பா போன் செய்து, "டீச்சர், குறுவைக்கு நாத்து விடலாமா வேணாமான்னு என் புள்ள சண்டை போடுறான்" என்றார். புகாரா, பெருமையா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

எதிரணி ராமானுஜனைக் கூப்பிட்டது. "பக்கத்தில் கும்பகோணத்துக்காரர், கத்திரிக்காய்க் கணக்கா போட்டார்?" என்று கேட்டார்கள். போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் தூக்கிப்பிடிக்கிற பாடமும் பரீட்சையும் அவரை எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவே விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து சி.வி. ராமன். கப்பல் தளத்தில் நின்று கடல் ஏன் நீலம் என்று கேட்டவர். அதற்கும் முன்னால், 1920-இல், மிருதங்கமும் தபலாவும் மற்றத் தோல்கருவிகளைப்போல் இரைச்சலாக இல்லாமல் ஏன் சுருதியோடு பேசுகின்றன என்று ஆராய்ந்து எழுதினார். வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் வைக்கிற கறுப்புச் சாந்துதான் அதிர்வுகளை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் மிருதங்கம் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்திருந்த விஷயம் அது. நம் பள்ளிக்கூடத்தில் எத்தனை ஒலியியல் வகுப்பில் மிருதங்கம் உள்ளே வந்திருக்கிறது?

என் அணியின் அழுக்கையும் கொஞ்சம் துவைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவர் துவைத்துவிடுவார். வாழ்க்கையோடு தொடர்பு என்று சொல்லிக்கொண்டு செயல்திட்டம் என்ற பெயரில் நாங்கள் செய்வது பாதி கூத்து. வளரறி மதிப்பீட்டுக்கு மதிப்பெண் போட வேண்டும். பிள்ளை ஸ்டேஷனரி கடைக்கு ஓடி அச்சடித்த சார்ட்டை வாங்கி, வெட்டி, ஒட்டிக் கொண்டுவரும். தெர்மாகோல் எரிமலையை அப்பா செய்வார், பெயிண்ட் அம்மா அடிப்பார், மதிப்பெண் பிள்ளைக்கு. இதில் வாழ்க்கையும் இல்லை, ஆழமும் இல்லை, பசைதான் இருக்கிறது. அதே மாதிரி புத்தகத்தில், "ராமு அறுபது தர்பூசணி வாங்கினான்" என்று கணக்கு வந்துவிட்டால் வாழ்க்கை வந்துவிடாது. அறுபது தர்பூசணியை ராமு என்ன செய்தான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. பேராசிரியர் ஐயா, நீங்கள் திட்டியது இதையென்றால் நானும் உங்கள் பக்கம் நாற்காலி போட்டு உட்காருகிறேன்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரு நிமிஷம்.

அந்த 120 சதவீதத்தை அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து அவள் அம்மா காய்க்கூடையோடு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை, நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று. அவர் கேட்டார்: "டீச்சர், நூத்தி இருபதுன்னு பாப்பா சொல்லுச்சு. சரிதான். ஆனா காலையில மூணு மணிக்கு நான் லோடு எடுக்கணும். பேப்பர் கேக்காம, ஜாமீன் கேக்காம, அன்னைக்கே பணம் குடுக்க வேற யாரு இருக்கா? அதுக்கு எத்தனை சதவீதம் போட்டீங்க?"

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வாயில் பதில் வரவில்லை. மறுநாள் அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையின் ஓரத்தில் எழுதினேன். ஒருத்தி மகளிர் குழுவில் என்ன வட்டி, எத்தனை நாளில் பணம் வரும் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். இன்னொருவன் வங்கிக்குப் போய் மூன்று படிவத்தோடு திரும்பினான். ஒரு லோடு எடுக்காமல் விட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு நஷ்டம் என்று அந்தப் பெண் வீட்டில் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறாள். நாற்பது பேரும் இன்னும் ஒரு விடைக்கு வரவில்லை. பொங்கல் லீவு விடும்போது ஆயா பலகையைத் துடைக்க வந்தார். அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.