வூகோங் போதும், பேய் பிடிப்பவன் வரட்டும்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு உண்மையை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன், இல்லாவிட்டால் எதிரணி அதைத் தோண்டி எடுத்து மேசையில் போட்டுவிடும். 2025 ஆகஸ்டில் கேம்ஸ்காம் என்ற கேம் கண்காட்சியின் மேடையில் அந்த டிரெய்லர் ஓடியபோது எனக்கும் முகம் தொங்கித்தான் போனது. சீனப் புராணக் குரங்கு வூகோங்கை வைத்து வந்த 'பிளாக் மித்: வூகோங்' என்ற வீடியோ கேமுக்கு டிஎல்சி, அதாவது கூடுதல் பகுதி, வரும் வரும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவன் நான். திரையில் ஒரு புலி நடந்து வருகிறது, அதன் முதுகில் தாடி வைத்த ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருக்கிறார், கையில் வூகோங்கின் அந்தக் கோல் இல்லை, பின்னால் வால் இல்லை, கடைசியில் 'பிளாக் மித்: ஜோங் குய்' என்று பெயர் வருகிறது. "யாருய்யா இவரு?" என்றுதான் என் வாயிலும் வந்தது. அப்படிக் கேட்டவன் இன்று இந்தப் பக்கம் நிற்கிறேன் என்றால் நடுவில் கொஞ்சம் யோசித்திருக்கிறேன் என்று அர்த்தம், எதிரணி இன்னும் அந்த முதல் நிமிடத்திலேயே நிற்கிறது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். அடுத்த கேமில் வூகோங்கின் கதையே தொடர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி, புது நாயகன் வந்ததுதான் சரி என்பது எங்கள் கட்சி. அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று. கதை இன்னும் முடியவில்லை என்றார் முதல் பேச்சாளர். அந்தக் கோலும் எழுபத்திரண்டு உருமாற்றமும் இல்லாவிட்டால் இது அதே கேம் இல்லை என்றார் அடுத்தவர். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த நாயகனை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத ஒருவரைக் கொண்டுவருவது தற்கொலை என்றார் மூன்றாமவர், அதையும் மூன்றே நாளில் ஒரு கோடி பிரதி விற்ற கதையை வைத்துக்கொண்டு சொன்னார்.

கதை முடியவில்லையாம். நடுவர் அவர்களே, அவர் அந்தக் கேமை முடித்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். மூலக் கதையான 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவல் நூறு அத்தியாயம். நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்த அதே யுவான் சுவாங்தான் அதில் வரும் துறவி, அவருக்குத் துணையாக எண்பத்தொரு இடர்களைத் தாண்டி வந்த வூகோங்குக்குக் கடைசியில் புத்தர் பதவியே கிடைக்கிறது, தலையில் இருந்த, மந்திரம் சொன்னால் இறுகும் வளையமும் தானாக மறைந்துவிடுகிறது. கேம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பதவி வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு மலைக்குத் திரும்பியவனை விடமாட்டோம் என்று வானுலகம் படை அனுப்புகிறது, வானுலகப் போர்வீரன் எர்லாங்கோடு சண்டை நடக்கும்போது போன வளையம் திரும்ப வந்து தலையை இறுக்குகிறது, அவன் விழுகிறான். ஆக நாம் விளையாடியதே ஒரு இரண்டாம் பாகம்தான்! அதற்கும் மேலே இன்னொரு பாகம் கேட்கிறார்கள் இவர்கள்.

நாம் விளையாடியது வூகோங்காகக்கூட இல்லை. பெயர் இல்லாத, வாயே திறக்காத ஒரு குட்டிக் குரங்கு அது, 'விதிக்கப்பட்டவன்' என்று மட்டும்தான் அதற்கு அடையாளம். கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் என்று ஆறாகச் சிதறிய வூகோங்கின் மிச்சங்களைத் தேடிப் போகிறது. கடைசியில் என்ன ஆகிறது? அவனுடைய கவசத்தைப் போட்டுக்கொண்டு, அவனுடைய கோலைப் பிடித்துக்கொண்டு, அவனாகவே ஆகிவிட்டோம் என்று நாம் நெஞ்சை நிமிர்த்தும் நேரத்தில் ஒரு கிழட்டுக் குரங்கு அதே வளையத்தைக் கொண்டுவந்து நம் தலையில் வைக்கிறது. இது சாதாரண முடிவு. எர்லாங்கைத் தேடிப் பிடித்து ஜெயித்து, அந்த ஆறாவது மிச்சமான மனதையும் மீட்டால்தான் வளையம் இல்லாத முடிவு கிடைக்கும். (எர்லாங்கிடம் நான் எத்தனை தடவை செத்தேன் என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.)

இதைவிடப் பச்சையாக ஒரு கேம் எப்படிச் சொல்லும்? பழைய வூகோங்கை அப்படியே திரும்பக் கொண்டுவர நினைத்தால் உன் தலையில் வளையம்தான் ஏறும் என்கிறது. நாற்பது ஐம்பது மணி நேரம் அதை விளையாடிவிட்டு, முடிந்ததும் எழுந்து நின்று "வூகோங் 2 எங்கே?" என்று கேட்டால் அந்த வளையத்தை நாமே எடுத்துப் போய், இந்தக் கேமை உருவாக்கிய கேம் சயின்ஸ் நிறுவனத்தின் தலையில் மாட்டுகிறோம். ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து மந்திரம் சொன்னால் இறுகத்தானே செய்யும்.

அடுத்தது அந்தக் கோலும் உருமாற்றமும். அவை நன்றாக இருந்தன, இல்லை என்று நான் சொல்லவில்லை. அசையாமல் நிறுத்தும் அந்த மந்திரத்தைப் போட்டு பாஸ் எனப்படும் பெரிய எதிரி ஒருவனை நட்ட நடுவில் உறைய வைத்து நாலு அடி போடுகிற சுகம் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் வூகோங் யார்? ஒரே தாவலில் 1,08,000 லி (சீனத் தூர அளவு) தாண்டுகிறவன். அப்படிப்பட்டவனின் வாரிசை முழங்கால் உயரப் பாறை ஒன்று தடுத்து நிறுத்தியதே, மறந்துவிட்டீர்களா? முதல் கேமில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்ட ஒரே விஷயம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள். தாவிவிடலாம் போலத் தெரியும், பாதை போலவே தெரியும், ஓடிப் போனால் காற்றில் முட்டி நிற்போம். சரி, இதெல்லாம் வேண்டாம், திறந்துவிடுவோம் என்று ஆறாவது அத்தியாயத்தில் பறக்கும் மேகத்தைக் கையில் கொடுத்தார்கள். என்ன கிடைத்தது? ஒரு பெரிய மைதானம், அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு பாஸ், நடுவில் வெறும் புல். பறக்கிறவனுக்கு உலகம் கட்டுவது அவ்வளவு கஷ்டம். அவனை நடக்க விட்டால் பொய்யாக இருக்கிறது, பறக்க விட்டால் காலியாக இருக்கிறது. இரண்டாம் பாகம் எடுத்தாலும் இந்தச் சிக்கல் தீராது, ஏனென்றால் சிக்கல் நாயகனிடம்தான் இருக்கிறது.

இப்போது புலி மேல் வந்தாரே, அவரைப் பற்றிச் சொல்கிறேன். யாருக்கும் தெரியாதவர் என்றார் எதிரணித் தோழி. சீனாவில் வீட்டுக் கதவில் ஒட்டும் படத்தில் இருக்கிறார் அம்மா அவர்!

கதை இப்படிப் போகிறது. தாங் வம்சக் காலம். ஜோங் குய் நன்றாகப் படித்தவன், அரசுத் தேர்வில் சிறப்பாகத் தேறியவன். ஆனால் முகம் அவலட்சணம் என்று சொல்லி அவனுக்கு உரிய இடத்தைக் கொடுக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். அவமானம் தாங்காமல் அரண்மனைப் படிக்கட்டிலேயே தலையை மோதி உயிரை விடுகிறான். பல காலம் கழித்து, சுவான்சோங் பேரரசர் நோயில் படுத்திருக்கும்போது கனவில் ஒரு குட்டிப் பேய் வந்து அவருடைய புல்லாங்குழலைத் திருடிக்கொண்டு ஓடுகிறது. பின்னாலேயே ஒரு பெரிய உருவம் வந்து அதைப் பிடித்துத் தின்றுவிட்டு, நான்தான் ஜோங் குய், பேய்களை ஒழிப்பதாகச் சபதம் எடுத்திருக்கிறேன் என்கிறது. விழித்ததும் காய்ச்சல் போய்விட்டது. வூ தாவோசு என்ற பெரிய ஓவியரைக் கூப்பிட்டு அந்த உருவத்தை வரையச் சொல்கிறார் அரசர். எந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று அரண்மனை துரத்தியதோ, அதே முகத்தை அதே அரண்மனை படமாக மாட்டி வைக்கிறது. நடுவர் அவர்களே, எழுதத் தெரிந்த ஒருவன் கையில் இந்த ஒரு முரண் கிடைத்தால் போதாதா?

வூகோங்கையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எமலோகத்துக்குப் போய் அங்கிருக்கும் பதிவேட்டில் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு வந்தவன் வூகோங். தன் பெயரைப் பட்டியலில் இருந்து பிறர் அடிக்கக் கண்டவன் ஜோங் குய். முதலாமவன் சாவே இல்லாதவன், அவனுக்கு எதிலும் பயம் இல்லை, பயமில்லாதவனை வைத்து ஒரு தடவை கதை சொல்லலாம். இரண்டாமவன் ஏற்கெனவே செத்தவன். "செத்தவனுக்கு எப்படி கேம் ஓவர் போடுவாய்?" என்று எதிரணித் தம்பி கேலி செய்தார், நானும் சிரித்தேன், நல்ல கேள்வி. ஆனால் செத்த பிறகும் தீராத ஒன்று அவனிடம் இருக்கிறது. தன்னை எடுத்து அடக்கம் செய்த நண்பனுக்குத் தன் தங்கையைக் கட்டிவைக்கப் பேயாகத் திரும்பி வருகிறான், பேய்களே பல்லக்கும் விளக்கும் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வருகின்றன என்று சீன நாடகத்திலும் ஓவியத்திலும் காலம் காலமாக வரும் காட்சி அது. முதல் கேமில் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் வேறு வேறு பாணியில் ஒரு சிறு அனிமேஷன் வைத்தார்களே, அந்தக் கைகளில் இந்த ஊர்வலம் எப்படி வரும் என்று நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி ஆகிறது.

சரி, ஆசைகளுக்கு வருகிறேன், நம் தலைப்பே அடுத்த கேமின் மேல் நாம் வைக்கும் ஆசையைப் பற்றியதுதானே.

என் பெரிய ஆசை இது. முதல் கேமின் மெனுவுக்குள் ஒரு சித்திரக் குறிப்பேடு இருந்தது. நாம் அடித்துக் கொன்ற ஒவ்வொரு சில்லறை எதிரிக்கும் அதில் ஒரு பாட்டு, ஒரு கதை. இவன் எப்படி இப்படி ஆனான், எந்த ஆசையில் விழுந்தான், யார் ஏமாற்றினார்கள் என்று எல்லாம் இருக்கும். அந்தக் கேமின் மிக நல்ல எழுத்து அங்கேதான் இருந்தது, நம்மில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் கொன்ற பிறகு படித்து என்ன செய்ய? பேய் பிடிப்பவன் கதையில் அந்தக் குறிப்பேடு மெனுவை விட்டு வெளியே வர வேண்டும். இந்தப் பேய் ஏன் இந்தக் கிணற்றை விட்டுப் போகவில்லை, அந்த வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாளை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். வூகோங்குக்கு இது பொருந்தாது, அவனுக்குப் பொறுமை கிடையாது. நீதி கிடைக்காமல் செத்தவனுக்குத்தான் இன்னொரு பேயின் குறை காதில் விழும்.

அதனால் நாயகன் பேசட்டும். படித்தவன் அய்யா அவன், கவிதை எழுதத் தெரிந்தவன், போன தடவை மாதிரி ஊமையாக விட்டுவிடாதீர்கள்.

மனிதர்கள் வேண்டும். முதல் கேமில் ஷான்சி மாகாணத்துப் பழைய கோயில்களையும் சிலைகளையும் அளந்து எடுத்துக்கொண்டு வந்து வைத்தார்கள், வியந்து பார்த்தோம், ஆனால் அந்தக் கோயில்களில் விளக்கேற்ற ஒரு மனிதன் இல்லை. எல்லாம் பூதம், ஓநாய், எலி. இரண்டாவது அத்தியாயத்தில் தலையே இல்லாத ஒருவர் மூன்று நரம்பு வாத்தியத்தை வைத்துக்கொண்டு மணற்காட்டில் பாடுவார், அதில் அத்தனை பேரும் மயங்கினார்களே ஏன்? எனக்குத் தோன்றுவது, அந்த வறண்ட இடத்தில் ஒரு ஊரின் குரல் கேட்டது. பேய்க் கதைக்கு ஊர் வேண்டும், தேர்வுக் கூடம் வேண்டும், சந்தை வேண்டும், வழக்கு வேண்டும். அப்புறம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவர்களை எடுத்துவிட்டு முதல் நாளிலிருந்தே ஒரு மேப் கொடுங்கள், சாதாரண கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசினால் புலம்பல் ஆகிவிடும்.

எதிரணித் தலைவர் 'காட் ஆஃப் வார்' என்ற கேம் தொடரை உதாரணமாக எடுத்துப் போட்டார். 2005-இல் கிரேக்கக் கடவுள்களைக் கொன்ற அதே நாயகன் கிரேட்டோஸ்தானே 2018-இல் வடதிசைப் பனிக்குப் போனார், நாயகனை மாற்றாமல் ஜெயித்தார்களே என்றார். நல்ல உதாரணம், ஆனால் அது என் பையில் விழுகிற உதாரணம். பெயரைத் தவிர அவரிடம் எதை மாற்றாமல் விட்டார்கள்? ஆயுதம் கோடாரி ஆனது, கேமரா தோளுக்குப் பின்னால் வந்தது, கூடவே ஒரு மகன், முகத்தில் வயது. பழைய சங்கிலிக் கத்திகளைத் திரும்பக் கையில் எடுக்கும்போதே வெட்கத்தோடுதான் எடுக்கிறார். கிரேட்டோஸ் முதுமை அடையலாம், அவர் ஒரு ஸ்டுடியோ உருவாக்கிய ஆள். வூகோங்கை எப்படி முதியவனாக்குவீர்கள்? பதிவேட்டில் பெயரே இல்லையே!

மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது, முடித்துவிடுகிறேன். அந்த டிரெய்லரில் விளையாடும் காட்சி ஒன்றுகூட இல்லை, வெளியீட்டுத் தேதியும் சொல்லவில்லை, ஆகவே ஜோங் குய் நிச்சயம் நன்றாக வரும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், வாள் வீச்சில் அந்தக் கோலின் கனம் வருமா என்ற பயம் எனக்கும் இருக்கிறது. எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும். ஐயா, உங்கள் வூகோங் 2 வரவில்லை, இந்தப் புலிக்காரர்தான் வருகிறார். முதல் நாளே வாங்குவீர்களா, மாட்டீர்களா?

சிரிக்கிறார் பாருங்கள், நடுவர் அவர்களே. அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.