ஒரே தையலுக்குள் இரண்டு கட்சி

நேயர்களுக்கு வணக்கம்.

எஸ்.பி.ஜி. என்ற மூன்றெழுத்து, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வேதப் பிரசார சங்கம், திருநெல்வேலிச் சீமை நேயர்களுக்குப் புதிதல்ல. பாட்டன் பூட்டன் காலத்தில் மிஷன் என்றாலே அதுவா, இன்னொரு சங்கமான சி.எம்.எஸ்.ஸா என்று கேட்ட ஊர்கள் உண்டு. ஆனால் 1701இல் லண்டனில் அந்தச் சங்கம் தொடங்கியபோது அதன் பார்வை நம் பக்கம் இல்லை. அட்லாண்டிக்குக்கு அப்பால், அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் இருந்தது. அங்கே போன இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரிமார் சேர்த்து வைத்த கண்டனப் பிரசுரங்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. கண்டனம், அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. இந்த வரிசை தமிழ்க் காதுக்குப் பழகியதுதானே.

அமெரிக்காவின் வடகிழக்கே இருக்கும் நியூ இங்கிலாந்து பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபைக்காரர்களின் நாடு. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்பவர்கள். பிஷப் என்ற சொல்லே அவர்களுக்கு ஆகாது. அங்கே ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரி, சிறுபான்மை. ஊரில் ஒரு கண்டனம் அச்சாகி வந்தால் அவர்தான் பதில் எழுத வேண்டும். பதில் எழுத எதிராளியின் நூல் கையில் வேண்டும். அதனால் தன் கட்சி நூலைவிட எதிர்க்கட்சி நூலைத்தான் கவனமாக வைத்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

படித்தே கட்சி மாறியவர்களும் உண்டு. இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கனெக்டிகட்டில் யேல் கல்லூரி. அதற்கு 1714இல் லண்டனிலிருந்து 800க்கு மேற்பட்ட புத்தகங்கள் வந்து இறங்கின. திரட்டி அனுப்பியவர் ஜெரமையா டம்மர். நியூட்டன்கூடத் தன் நூல்களைக் கொடுத்திருந்தார். அந்தக் குவியலில் ஆங்கிலிக்கன் இறையியலாளர்களின் நூல்களும் இருந்தன. கல்லூரித் தலைவர் டிமதி கட்லர், சாமுவேல் ஜான்சன், டேனியல் பிரவுன் முதலான சில நண்பர்கள் கூடிக்கூடிப் படித்தார்கள். 1722 செப்டம்பரில் பட்டமளிப்பு விழா. ஜெபத்தை முடிக்கும்போது கட்லர், ‘எல்லா ஜனங்களும் ஆமென் என்று சொல்லக்கடவர்கள்’ என்றார். நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கேட்டவர்களுக்கு அது ஆங்கிலிக்கன் வாடை! மறுநாளே கட்சி மாறிய விஷயம் வெளிப்பட்டது. அவர் பதவி போனது. மூவரும் கப்பலேறி லண்டனில் குருப்பட்டம் பெற்றார்கள். பிரவுன் அங்கேயே பெரியம்மையில் இறந்தார். கட்லர் பாஸ்டனில் கிறைஸ்ட் சர்ச் குருவானார். ஜான்சன் பிற்பாடு நியூயார்க்கில் கிங்ஸ் கல்லூரியின் முதல் தலைவர். இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகம் அதுதான்.

ஏன் கப்பலேற வேண்டும்? குருப்பட்டம் கொடுக்க பிஷப் வேண்டும். அன்றைய அமெரிக்கக் குடியேற்றங்களில் பிஷப்பே கிடையாது. போனவர்களில் ஐந்தில் ஒருவர் கடலிலோ அம்மையிலோ மாண்டதாக அவர்களே கணக்குச் சொன்னார்கள். பிஷப்பை அனுப்புங்கள் என்று ஆங்கிலிக்கன் பாதிரிமார் கேட்க, அனுப்பினால் பின்னாலேயே வரியும் நீதிமன்றமும் வரும் என்று காங்கிரிகேஷனல்காரர்கள் அலற, பிரசுரங்கள் பறந்தன.

ஹார்வர்டு எதிரே புதிதாகக் கோயில் கட்டிய ஈஸ்ட் ஆப்தார்ப், 1763இல் எஸ்.பி.ஜி.யை ஆதரித்து 24 பக்கத்தில் ஒன்று எழுதினார். ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்ற நம் அச்சகக்காரர் கணக்கில் ஒன்றரை ஃபாரம். பாஸ்டனின் காங்கிரிகேஷனல் போதகர் ஜானதன் மேஹ்யூ பதில் எழுதினார், 170 பக்கத்துக்கு மேல்! பூர்வகுடிகளுக்காகத் திரட்டிய காசில், குருமாருக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் கோயில் எதற்கு என்று கேட்டார். 1764இல் லண்டனிலிருந்து பெயரில்லாமல் ஒரு பதில் வந்தது. எழுதியவர் கான்டர்பரி ஆர்ச்பிஷப் செக்கர். அதற்கும் மேஹ்யூ பதில். அதற்கு ஆப்தார்ப் 1765இல் பதில். இது ஓய்ந்ததும் நியூ ஜெர்சியில் ஆங்கிலிக்கன் பாதிரி தாமஸ் பிராட்பரி சாண்ட்லர், பிஷப் வேண்டும் என்று 1767இல் தொடங்கினார். பாஸ்டனின் காங்கிரிகேஷனல் போதகர் சார்ல்ஸ் சான்ஸி மறுத்தார். 1771 வரை மாறி மாறி நடந்தது.

இப்போது பொருளைக் கையில் எடுப்போம். இந்தப் பிரசுரங்கள் அட்டையோடு விற்கப்பட்டவை அல்ல. மடித்த ஃபாரங்களை அடுக்கி, முதுகு ஓரத்தில் மூன்று துளை குத்தி, நூல் கோத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பாதிரியார் ஏழெட்டுச் சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுப்பார். பைண்டர் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, ஓரம் சமமாக வெட்டுவார். அங்கேதான் முதல் சேதம். உயரமான பிரசுரத்தின் ஓரத்தில் பாதிரியார் எழுதிய குறிப்பு இருந்தால், வரிக்கு இரண்டு மூன்று எழுத்து போய்விடும். முதுகு இறுகிப்போவதால் புத்தகம் தட்டையாக விரியாது. அழுத்தி விரித்தால் முதுகு பிளக்கும்.

முன்பக்க வெற்றுத் தாளில் அவர் கையால் எழுதிய பட்டியல் இருக்கும். பெயரில்லாப் பிரசுரத்தின் முகப்பில், எழுதியவர் இன்னார் என்று மையில் எழுதியிருப்பார். தங்கம் மாதிரியான தகவல், ஆனால் உரைத்துப் பார்க்க வேண்டிய தங்கம். 1774இல் பெயரில்லாமல் வந்த ஒரு அரசியல் பிரசுரத்தை நெடுங்காலம் கிங்ஸ் கல்லூரியில் ஜான்சனுக்கு அடுத்த தலைவரான மைல்ஸ் கூப்பருடையது என்றார்கள். எழுதியவர் சாண்ட்லர் என்பதே இன்றைய முடிவு.

பெரிய சேதம் பைண்டர் செய்ததல்ல, பின்னால் வந்த நூலகங்கள் செய்தது. தொகுதியைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை போட்டு, ஆசிரியர் அகரவரிசையில் அடுக்கினார்கள். இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை விற்றார்கள். மேஹ்யூ ஒரு அலமாரி, ஆப்தார்ப் இன்னொரு அலமாரி. எதிராளியைப் பக்கத்தில் வைத்துப் படித்த மனிதர் காணாமல் போனார். முன்னே சொன்னேன், நினைவிருக்கிறதா? அவர் எதிர்க்கட்சியைத் தன் கட்சியோடு ஒரே நூலில் தைத்து வைத்தவர். அந்தத் தையல்தான் சாட்சி. பிரிக்காதீர்கள்.

பிரித்தாயிற்று என்றால்? ஓரளவு மீட்கலாம். முகப்பு மூலையில் மையில் வரிசை எண் இருக்கிறதா பாருங்கள். உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். ஒரே வெட்டில் சமமானவை ஒரே உயரம் இருக்கும். முதுகில் பழைய பசை இருக்கும். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி பூச்சி. அட்டைப் பக்கத்திலிருந்து துளைத்து வந்த புழு, ஒரு பிரசுரத்தின் கடைசித் தாளில் எந்த இடத்தில் ஓட்டை போட்டதோ, அடுத்ததின் முகப்பில் அதே இடத்தில் நுழைந்திருக்கும். உள்ளே போகப் போக ஓட்டைகள் குறையும். ஈரக்கறையும் அப்படித்தான் சுருங்கிக்கொண்டே போகும். புழுவை வைத்தே வரிசை சொல்லிவிடலாம்! ஒட்டுத் தாள், செல்லோடேப் கூடவே கூடாது. குறிப்பு பென்சிலில் மட்டும். படம் எடுத்தாலும் தொகுதி எண், அதற்குள் வரிசை எண் இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். வெற்றுத் தாளையும் விடாமல் எடுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பிஷப் கடைசியில் வந்தாரா என்றால், வந்தார். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த பிறகு, 1784இல், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பட்டம் பெற்ற சாமுவேல் சீபரி. அவரும் பிரசுரச் சண்டைக்காரர்தான். விவசாயி என்ற புனைபெயரில் அவர் எழுதியதற்குப் பதில் எழுதிய இளைஞர், பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன்.

தரங்கம்பாடியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். எஸ்.பி.ஜி.க்கு வித்திட்ட தாமஸ் பிரே அதற்கு முன் தொடங்கிய எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம்தான் தரங்கம்பாடிக்கு அச்சு எந்திரம் அனுப்பியது. கப்பலை ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். எந்திரம் தப்பி 1712இல் வந்து சேர்ந்தது, கூட வந்த அச்சடிப்பவர் வழியிலேயே இறந்துபோனார். அந்தக் கதைக்குத் தனியாக ஒரு பொழுது வேண்டும். வணக்கம்.