இரைச்சலில் கிடைத்த மீன்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகொன்றின் சுக்கான் அறையில், உப்புக்காற்றுக்கு அஞ்சிப் பாலித்தீன் உறை போட்ட சிறு திரை ஒன்று இருக்கும். அதில் தடித்த சிவப்புப் பட்டையாக ஓடுவது கடலின் தரை; அதற்கு மேலே திட்டுத் திட்டாகத் தெரிவது மீன்கூட்டம்.

இந்தக் கருவி மீனுக்காகப் பிறந்ததன்று. முதல் உலகப்போரின்போது, செர்மானிய நீர்மூழ்கிகளைக் கண்டறிவதற்காக, பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சுவான் குவார்ட்ஸ் படிகத்தை அதிரச்செய்து, காதுக்கு எட்டாத ஒலியை நீருக்குள் அனுப்பி அதன் எதிரொலியைப் பிடித்தார். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பாய்வதால், 30 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப அதற்கு 0.04 நொடி போதும். ஆனால் மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையும் ஒலியை நன்றாகவே திருப்பி அனுப்பும். நீர்மூழ்கியைத் தேடிய கடற்படையினருக்கு அது வெறும் இடைஞ்சல். அந்த இடைஞ்சலையே சரக்காக்கியவர்கள் ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள். இரண்டாம் போர் முடிந்தபின், ஒலியால் கடலாழம் அளக்கும் ஆழமானியை மாற்றியமைத்து, 1948இல் மீன்காட்டும் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும் ரேடாரின் கதையும் இதுவே. 1914 செப்டம்பர் 22 இரவு செர்மானியப் போர்க்கப்பல் எம்டன் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது, இருளில் கப்பலைக் காட்டும் கருவி இந்த நகரத்தில் இல்லை. இரண்டாம் உலகப்போரில், பகை விமானத்தைத் தேடியவர்களின் ரேடார் திரையை மழைமேகம் வந்து மறைத்தது. அவர்கள் சலித்துக்கொண்டார்கள், வானிலையாளர்களோ மகிழ்ந்தார்கள். அன்று போர்க்கருவிகள் பயன்படுத்திய அதே 10 சென்டிமீட்டர் அளவிலான அலையைக் கொண்டுதான், 2002இல் சென்னைத் துறைமுக வளாகத்து டாப்ளர் ரேடார் (மழைத்துளிகளின் வேகத்தையும் அளப்பது) புயலைத் தேடத் தொடங்கியது. (போர்க்கால ரேடாரில் அலையை உண்டாக்கிய மேக்னட்ரான் குழல்தான் மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் இல்லத்தரசிகள் கோபிப்பார்கள்.)

செயற்கைக்கோள்களைக் கொண்டு இடம் காட்டும் ஜி.பி.எஸ். மட்டும் சற்று வேறுபட்டது. இதில் இடைஞ்சல் தானாக வந்ததன்று, வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973இல் தொடங்கிய இத்திட்டத்தில், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் சுமார் 100 மீட்டர் வரை பிழை கலந்திருந்தார்கள். வலையைக் கிழிக்கும் ‘பார்’ எனும் கடலடிப் பாறைத்திட்டைச் சுற்றிப் போகவேண்டிய ஓட்டுநருக்கு 100 மீட்டர் என்பது பெரும் பிழை. 2000 மே 2 அன்று அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதுவரை கரையிலுள்ள கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் நேர்கோட்டில் நிறுத்திப் பாரின் இடத்தைக் குறித்த பெரியவர்கள், அவ்விடங்களை எண்களாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டை இன்றும் எவரும் அடுத்த படகுக்காரருக்குக் காட்டுவதில்லை.